கழுத்து நீண்ட காளான்

"டீச்சர், என் காளானுக்குக் கழுத்து மட்டும்தான் வளருது. தலை வளரவே மாட்டேங்குது."

குழந்தைவேலு வாசலில் நின்றபடியே கத்தினார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் ஒரு மஞ்சள் பை.

மரகதம் தன் குழந்தைக்குக் குல்லா மாட்டிக்கொண்டிருந்தாள். கொடைக்கானல் மேல்மலையில் காளான் வளர்க்க ஆசைப்படுகிற யாரும் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். அவளுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. வந்து நிற்பவர்களில் பாதிப் பேருக்குப் பேரன் பேத்தி இருக்கும்.

குழந்தைவேலுவும் அந்தப் பாதியில் ஒருவர். மலைப் பாதையில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"காட்டுங்கண்ணே."

பையிலிருந்து ஒரு காளானை எடுத்தார். விரல் நீளத்துக்குத் தண்டு. உச்சியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தலை.

குழந்தை அதைப் பார்த்துச் சிரித்தது.

"பாருங்க, பச்சப்புள்ளகூட சிரிக்குது. வீட்டுல வெள்ளத்தாயி என்ன சொன்னா தெரியுமா? 'குடை விரியும், குடை விரியும்னீங்க. இங்க குடைக்கம்பிதான் வந்திருக்கு'ங்கறா."

"அக்கா சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

"சிரிக்காதீங்க டீச்சர். பூண்டு பிடுங்க ஆரம்பிச்சாச்சு. அடுத்து வர்ற மொட்டும் இப்படியே போச்சுன்னா ரூமைக் காலி பண்ணிடணும்னு சொல்லிட்டா. வைக்கோல் அடைச்சுத் தொங்கவிட்டிருக்கற பையெல்லாம் குப்பைக்குப் போயிடும். அந்த எடத்துல பூண்டு மூட்டை ஏறிடும்."

காளானைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"ரிட்டயர் ஆனப்புறம் காலையில எந்திரிச்சுப் போறதுக்கு எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு ரூமுதான் டீச்சர்."

மரகதம் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"ரூமை எப்படி வச்சிருக்கீங்க?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல அவர் முகம் மலர்ந்தது.

"கோயில் கருவறை மாதிரி வச்சிருக்கேன்! ஜன்னலுக்குச் சாக்கு. சாக்குக்கு மேல பாலித்தீன். கதவுக்கு அடியில கோணி. உச்சியில ஒரு வெண்டிலேட்டர் இருந்துச்சு, அதுல என் பழைய காக்கிச் சட்டையத் திணிச்சு அடைச்சிட்டேன். வெளிய புல்லெல்லாம் உறைபனி. உள்ள போனா கதகதன்னு இருக்கு. சுவர்ல தண்ணி முத்து முத்தா வடியுது. பொட்டுச் சூடு வெளிய போகாது!"

"போன்ல நான் என்ன சொன்னேன்?"

"தொறந்து விடுங்கன்னீங்க."

"தொறந்தீங்களா?"

"நீங்க எனக்குச் சொல்லிட்டீங்க. குளிருக்கு யார் சொல்றது? பல்பு எரியவிட்டுச் சேர்த்த சூடு டீச்சர். அதைப் போய் யாராச்சும் வெளிய விடுவாங்களா?"

மரகதம் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வாங்கண்ணே, போலாம்."

"என் ரூமுக்கா?"

"பஸ்ஸுக்கு. பாப்பாவுக்குத் தடுப்பூசி போடணும்."

"டீச்சர், நான் காளானைப் பத்திக் கேட்டேன்."

"நானும் அதுக்குத்தான் கூப்பிடறேன். அந்தப் பையை விட்டுடாதீங்க."

பஸ் நிறைந்து வந்தது. உள்ளே கேரட் மூட்டைகள், பூண்டு மூட்டைகள், கம்பளி போர்த்திய ஜனங்கள். எல்லா ஜன்னலிலும் கண்ணாடி இழுத்து மூடியிருந்தது.

எழுந்து ஒருத்தர் இடம் கொடுக்க, மரகதம் குழந்தையோடு உட்கார்ந்தாள். அவள் பக்கத்து ஜன்னலில் மட்டும் மெல்லிய இடைவெளி.

குழந்தைவேலு கை நீட்டி அதையும் அறைந்து மூடினார்.

"பனிக்காத்து. பாப்பாவுக்கு ஆகாது."

"ரொம்பச் சந்தோசம்ணே."

"அப்பாடா!" உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். "என் ரூமுக்குள்ள நிக்கற மாதிரியே இருக்கு."

"அப்படியா?"

"அச்சு அசல்!"

மரகதம் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

பஸ் வளைவுகளில் இறங்க ஆரம்பித்தது. அடுத்த ஊரில் ஒரு கூட்டம் ஏறியது. அதற்கடுத்த ஊரில் இன்னொன்று.

"உள்ள எடம் இருக்கு, உள்ள போங்க!" என்றான் கண்டக்டர் பையன்.

"எங்கய்யா இருக்கு எடம்?" என்றது ஒரு குரல்.

"அதை நாங்க சொல்ல மாட்டோம்," என்று குழந்தைவேலு பதில் கொடுத்தார். பஸ் சிரித்தது.

கண்ணாடியெல்லாம் வெள்ளையாகப் பூத்துப் போயிற்று. பிறகு அதிலிருந்து தண்ணீர் முத்து முத்தாக வடிந்தது.

கம்பளி வாசனை. பூண்டு வாசனை. யாரோ வெற்றிலை மென்ற வாசனை. எல்லோரும் விட்ட மூச்சையே எல்லோரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

முன் சீட்டில் ஒரு பெண் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "ஏய், கவர் குடு, கவர் குடு!" என்று அவள் புருஷன் பதறினான்.

குழந்தை சிணுங்கியது. குல்லாவைப் பிடுங்கி எறிந்தது. மோவாயைத் தூக்கித் தூக்கி அழுதது.

குழந்தைவேலு முதலில் கம்பளியைத் தளர்த்தினார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

"டீச்சர், உங்களுக்கு ஒருமாதிரியா இல்ல?"

"எனக்கென்ன, கதகதன்னு இருக்கு."

அவருக்கு முன்னால் உயரமான ஒருவன். பின்னால் அதைவிட உயரமான ஒருவன். அவர் நுனிக்காலில் நின்றார். பஸ் கூரையில் காற்றுக்கு வைத்த ஒரு மூடி உண்டு. அதன் ஓரத்தில் நூல் போல ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதை நோக்கி முகத்தைத் தூக்கினார். இன்னும் தூக்கினார்.

"என்ன பெருசு, ஒட்டகச்சிவிங்கி மாதிரி எட்டிப் பாக்கறீங்க?" என்றான் பின்னால் இருந்தவன். "மேல என்ன தெரியுது?"

"எதுக்குண்ணே கழுத்தை நீட்டறீங்க?" என்றாள் மரகதம்.

பதில் சொல்லத்தான் குனிந்தார்.

அவள் கையில் அந்தக் காளான் இருந்தது.

குழந்தைவேலு அதைப் பார்த்தார். அதன் கழுத்தைப் பார்த்தார். வடிகிற கண்ணாடியைப் பார்த்தார். தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அடப்பாவி!" என்றார். யாரைச் சொன்னார் என்று யாருக்கும் புரியவில்லை.

அடுத்த நொடி பஸ்ஸே அதிர்ந்தது.

"கண்ணாடியத் தொறங்க! முன்னாடி ஒரு ஜன்னல், பின்னாடி ஒரு ஜன்னல்! நாலு விரக்கடை போதும்! தம்பி, அந்தக் கூரை மூடியத் தள்ளிவிடு! நெட்டையா வளர்ந்திருக்கேல்ல, தள்ளு!"

எத்தனையோ வருஷம் அந்த மலை முழுக்கக் கேட்ட குரல். ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. தள்ளினார்கள்.

கூரை வழியாகப் புழுக்கம் போயிற்று. ஜன்னல் வழியாகக் குளிர் ஊசி மாதிரி வந்தது.

கவரைப் பிடித்திருந்த பெண் தலை நிமிர்ந்தாள். குழந்தை ஒரு தும்மல் போட்டு, அழுகையை மறந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"உள்ள குளிரலையே!" என்றான் நெட்டையன், ஆச்சரியமாக. "இத்தனை பேரு இருந்தா எப்படிடா குளிரும்," என்று அவனுக்கு யாரோ பதில் சொன்னார்கள்.

குழந்தைவேலுவுக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. வாயில் விரலை வைத்து ஒரு விசில் அடித்தார். டிரைவர் பழக்க தோஷத்தில் பிரேக்கை மிதித்துவிட்டார்.

"யோவ், விசில் அடிக்கறது என் வேலை!" என்றான் கண்டக்டர் பையன்.

"மன்னிச்சுக்கப்பா, அவசரம்!"

மூட்டைகளைத் தாண்டிக் குதித்து இறங்கினார்.

"அண்ணே, தடுப்பூசிக்கு வரலையா?" ஜன்னலிலிருந்து மரகதம் கேட்டாள்.

"எனக்குப் போட்டாச்சு டீச்சர்!"

மேட்டில் ஓடினார். மேலே போகிற கேரட் வேன் ஒன்றை மறித்து ஏறினார். வீட்டு வாசலில் இறங்கும்போது வெள்ளத்தாயி ரூம் கதவுக்கு முன்னால் நின்று, எத்தனை மூட்டை கொள்ளும் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தாள்.

"தள்ளு தள்ளு!"

"என்னங்க, பேய் தொரத்துதா?"

அவர் கதவடியில் இருந்த கோணியை உருவி எறிந்தார். ஸ்டூலைப் போட்டு ஏறினார். வெண்டிலேட்டரில் திணித்திருந்த காக்கிச் சட்டையைப் பிடித்து இழுத்தார். அது இறுகிப் போயிருந்தது. இன்னும் ஒரு இழுப்பு.

வந்துவிட்டது.

அத்தனை நாள் அடைபட்ட சூடு அவர் முகத்தைத் தடவிக்கொண்டு வெளியே போயிற்று. கால் பக்கம் கதவடியில் குளிர் உள்ளே நுழைந்தது. தொங்கிக்கொண்டிருந்த பைகள் லேசாக அசைந்தன.

"ஐயையோ, குளிர் உள்ள வருதுங்க!" என்றாள் வெள்ளத்தாயி.

குழந்தைவேலு ஸ்டூலின் மேல் நின்றபடி, சட்டையைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு, கூவினார்.

"எறங்க விட்டு ஏறுங்க! எறங்கறவங்களுக்கு வழி விடுங்க! எறங்க விட்டு ஏறுங்க!"

"யாரைப் பார்த்துங்க கத்தறீங்க?"

"பாஸஞ்சரை!"

வெள்ளத்தாயி தலையில் அடித்துக்கொண்டு போனாள். கழுத்து நீண்ட காளான்களையெல்லாம் பறித்து அன்றைக்கே குழம்பு வைத்துவிட்டாள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

அதன் பிறகு பூண்டு வந்தது.

களத்திலிருந்து முதல் மூட்டையை இடுப்பில் அணைத்துக்கொண்டு அவள் ரூமுக்கு வந்தாள். முழங்காலால் கதவைத் தள்ளினாள்.

உள்ளே குழந்தைவேலு, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

வெள்ளத்தாயி பார்த்தாள்.

பைக்குப் பை, சுற்றிச் சுற்றி, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை வெள்ளையாகக் குடை விரிந்திருந்தது.

மூட்டை அவள் இடுப்பிலேயே இருந்தது.

பிறகு கேட்டாள்.

"ஏங்க, இந்தப் பூண்டை எங்க வைக்கறது?"