நாப்பத்தொரு போனும் ஒரு போனும்

கடைசியில ஒரு கேள்வி கேப்பேன். தப்பா பதில் சொன்னா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆக வேண்டியவங்களுக்கு ஏற்கெனவே ஆயிருச்சு.

தெற்க ஒரு துறைமுகத்துல இறால் கம்பெனி ஒண்ணு. உள்ள நாப்பத்திரண்டு பொம்பளைங்க இறால் உரிக்கிறாங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஐஸ் போடுற மெஷின். அதுல ஓடுறது அமோனியா. மூக்குல லேசா ஏறுனா தும்மல். முழுசாப் பட்டா கண்ணு அவிஞ்சுரும்.

கம்பெனி வளாகத்துலயே ஃபைவ்-ஜி டவர் வந்துச்சு. டவரோட அடியில ஒரு பெட்டி. சென்னையிலேருந்து கௌசிகன்னு ஒரு இன்ஜினியர் வந்து, ஒவ்வொரு பொம்பளை போன்லயும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கருவி மாட்டிவிட்டார். அது காத்தை மோந்து பார்த்து பெட்டிக்குச் சொல்லும். சேதி ஊர் சுத்திப் போய் வர வேண்டியதில்ல. கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள பெட்டியே முடிவெடுத்து சங்கு ஊதிரும். போன் சிவப்பானா யாரையும் கேக்காம எழுந்து வெளிய போகலாம்னு சுவத்துல நோட்டீஸ் ஒட்டினாங்க.

நோட்டீஸ் உள்ள இருந்துச்சு. போன் வெளிய இருந்துச்சு.

காரணம் சூப்பர்வைசர் ஞானதுரை. இறால் உரிக்கிற எடத்துக்குள்ள போன் வரக்கூடாது, வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டான்னு அவருக்கு உத்தரவு. கேட்டுப் பக்கத்துல ஒரு அலமாரி. யார் வந்தாலும் போனை அதுல வச்சிட்டு டோக்கன் வாங்கிக்கணும். கருவி மாட்ட வந்த கௌசிகனும் வச்சார், டோக்கன் வாங்கினார், வேலை முடிஞ்சு போறப்ப டோக்கனைக் கொடுத்துட்டுப் போனை எடுத்துக்கிட்டார். ஞானதுரைக்கு நியாயத்துல ஆள் பேதம் கிடையாது. அலமாரி நல்ல எடத்துலதான் இருந்துச்சு, கடல் காத்து நேரா அடிக்கும்.

மொத மாசம் ஒரு பொம்பளை, அலமாரியில வைக்குறதுக்கு முன்னாடி, கேட்டுல இருந்த பிளீச்சிங் பவுடர் வாளிக்குப் பக்கத்துல போனை வச்சிட்டா. சங்கு ஊதிருச்சு. ஓடின ஓட்டத்துல ஒருத்திக்கு மணிக்கட்டு ஒடைஞ்சுது, இறால் ஒரு லோடு கெட்டுப்போச்சு. மொதலாளி இறாலுக்காக ரொம்ப வருத்தப்பட்டார். இனிமே பொய்ச் சங்கு ஊதக்கூடாதுன்னார். கௌசிகன் பெட்டிக்குப் புது விதி எழுதினார். எல்லாப் போனும் ஒண்ணு சொல்லி, ஒரே ஒரு போன் மட்டும் வேற சொன்னா, அந்த ஒண்ணு பழுது. அதோட கணக்கை மத்ததோட கணக்குக்குத் திருத்திக் காட்டணும். அது மொதல்ல சொன்ன பழைய கணக்கு பெட்டிக்குள்ள ஒரு ஓரமாக் கிடக்கும். யாரும் பாக்கப் போறதில்ல.

இப்ப அந்த நாளுக்கு வாரேன்.

பிலோமினாவோட புருஷன் ஆழ்கடலுக்குப் போயிருந்தான். அன்னைக்குக் கரை திரும்பணும். சிக்னல் கெடைச்சதும் கூப்பிடுவான்னு அவ போனை இடுப்புல சொருகி மறைச்சுக் கொண்டு போயிட்டா. அலமாரியில நாப்பத்தொரு போன் இருந்துச்சு. டோக்கன் எண்ணினவன் அன்னைக்குச் சரியா எண்ணல.

அவளுக்குப் பக்கத்துல அவ தம்பி பொண்டாட்டி சகாயமேரி. இறால் முதுகு நரம்பை அவ எடுக்குற வேகத்துக்கு அந்தக் கம்பெனியில ஆளில்ல, அப்படி ஒரு கண்ணு. ஆனா காரணமில்லாம எழுந்து போனான்னு ஏற்கெனவே ரெண்டு தடவை எழுதி வாங்கியிருந்தாங்க. மூணாவது தடவைக்கு வேலை இல்ல.

மத்தியானம் மூணு மணிக்கு சகாயமேரி தலையைத் தூக்கினா.

"மைனி, நாத்தம் வேற மாதிரி இருக்கு."

"எந்த நாளு மணத்துச்சு? சோலியப் பாரு."

"இல்ல மைனி, கண்ணு எரியுது. நான் எந்திரிச்சுப் போறேன்."

பிலோமினாவுக்குப் பயம் வந்துருச்சு. சும்மா எழுந்தா வேலை போயிரும். போன் சிவப்பா இருந்தா போகாது. சேலைக்குள்ள கையை விட்டு மறைவாப் பாத்தா. அவ கருவி சரியாத்தான் மோந்திருந்துச்சு. சிவப்புன்னுதான் சொல்லிருந்துச்சு. பெட்டி நாப்பத்தொரு பேர்கிட்ட விசாரிச்சு, பச்சைன்னு திருத்திக் காட்டுச்சு.

"பச்சையாத்தான் இருக்கு. உக்காரு."

சகாயமேரி உக்காந்தா.

பத்து நிமிஷத்துல குழாய் மூட்டு வெடிச்சுது, அவ பக்கத்துச் சுவத்துல. எல்லாரும் கேட்டுக்கு ஓடினாங்க. அவங்க பின்னாலயே அமோனியாக் காத்தும் கேட்டுக்கு வந்துச்சு. அப்பத்தான் நாப்பத்தொரு போனும் ஒரே குரல்ல ஆபத்துன்னு கத்துச்சு, சங்கும் ஊதுச்சு. உள்ள அப்ப ஒருத்திதான் இருந்தா, சுவத்தைத் தடவிக்கிட்டு.

ரெண்டு கண்ணும் போச்சு.

விசாரணை வச்சாங்க. உத்தரவுப்படிதான் போனை வாங்கி வச்சேன், பெட்டி என்ன செய்யும்னு எனக்கென்ன தெரியும்னு ஞானதுரை சொன்னார். பொய்ச் சங்கு வேணாம்னீங்க, எழுதினேன், பெட்டி எழுதினபடி நடந்துச்சுன்னு கௌசிகன் சொன்னார். பிலோமினா மட்டும், போன் சொன்னதைத்தான் சொன்னேன், ஆனா உக்காருன்னு சொன்னது நான்தான்னு அழுதா.

இப்ப நீங்க சொல்லுங்க. சகாயமேரி கண்ணுக்கு இந்த மூணு பேர்ல யார் பொறுப்பு?

என் பதில் கௌசிகன். ஞானதுரைக்குப் போன் எங்க இருக்குன்னு தெரியும், விதி தெரியாது. பிலோமினாவுக்கும் அதேதான். தன் போனையும் அலமாரியில வச்சிட்டு உள்ள போனவருக்கு மட்டும் ரெண்டும் தெரியும். தெரிஞ்சே, வெளிய இருக்குற நாப்பத்தொண்ணை நம்பு, உள்ள இருக்குற ஒண்ணை நம்பாதேன்னு எழுதிக் கொடுத்தார். விசாரணைக்காரங்க வேற மாதிரி முடிச்சாங்க. பெட்டி ஓரத்துல கிடந்த பிலோமினா போனோட பழைய கணக்கைத் தோண்டி எடுத்து, வெடிக்கிறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே உள்ள கசிஞ்சதுக்கு இதுதான் ஒரே சாட்சின்னு மொதப் பக்கத்துல எழுதினாங்க. ரெண்டாம் பக்கத்துல, தடையை மீறிப் போனை உள்ள கொண்டு போனதுக்காக அவளை வேலையை விட்டு நிறுத்தினாங்க.