கோணக்குளத்துத் தொட்டிக்கு மூடி வந்த கதை

கோணக்குளத்துப் பிள்ளைகள் அறிவாளிகள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப் போக உங்களுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாது பாருங்கள்.

அந்த ஊரின் குடிதண்ணீர்த் தொட்டிக்கு மூடி கிடையாது. மழை வந்தால் கொசு வரும், கொசு வந்தால் காய்ச்சல் வரும். பதினைந்து வயசு தவமணியின் அம்மா முத்துப்பேச்சி மூன்று மாதத்தில் மூன்று தடவை படுத்துவிட்டாள். தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போக முடியவில்லை. அடுத்த மழைக்குள் மூடி வரவேண்டுமே என்று தவமணிக்கு ஒரே கவலை.

அந்த நேரம் பார்த்து வந்தாள் நர்ஸக்கா ஞானசௌந்தரி. "நீங்களே கணக்கெடுங்க பிள்ளைகளா. எத்தனை வீட்ல காய்ச்சல்னு காட்டினா ஒன்றிய ஆபீஸ்ல மூடி கேக்கலாம்," என்றாள். தவமணி, கோமதிநாயகம், பிச்சையா, சங்கரவடிவு நாலு பேரும் பேனாவோடு வரிசையில் நின்றார்கள்.

"பத்து வீட்டுக்கு ஒரு வீடு கேட்டாப் போதும். ஆனா யாருக்கு என்ன நோய்னு ஒருத்தர்ட்டயும் மூச்சு விடக் கூடாது." இப்படிச் சொல்லிவிட்டு நர்ஸக்கா பஸ் ஏறிவிட்டாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

பத்தாவது வீடு, இருபதாவது வீடு, முப்பதாவது வீடு மூன்றும் சுலபமாக முடிந்தன. அதோடு சிக்கல். ஊரில் மொத்தமே முப்பத்தொன்பது வீடு!

"நாப்பதாவது வீடு எங்கல?" என்றான் கோமதிநாயகம்.

"யாராவது கல்யாணம் முடிச்சுத் தனிக்குடித்தனம் போனா வரும்," என்றாள் சங்கரவடிவு.

"அதுக்குள்ள மழை வந்துருமே!"

யோசித்தார்கள், யோசித்தார்கள், கடைசியில் தாங்களே ஓலையை வெட்டி ஊர்க் கோடியில் ஒரு குடிசை போட்டார்கள். போட்ட பிறகுதான் பதில் சொல்ல உள்ளே ஆள் வேண்டுமே என்று தோன்றியது. பிச்சையாவை உள்ளே உட்காரவைத்துவிட்டு, மற்ற மூவரும் வெளியே நின்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

"வீட்ல யாருங்க?"

"நான்தான்."

"காய்ச்சல் உண்டுமா?"

"இல்ல. பசி உண்டு."

எழுதிக்கொண்டார்கள்.

தவமணி மெதுவாகக் கேட்டாள். "எங்க வீடு பதினொண்ணு. பத்துக்குப் பக்கத்து வீடுதான? எங்கம்மாவையும் எழுதிக்கிட்டா என்ன?"

"ஏட்டி, ஒண்ணு தள்ளினாலும் தள்ளினதுதான். ஆராய்ச்சியில இரக்கம் கிடையாது," என்றான் கோமதிநாயகம். பாவம், தவமணி அழுதேவிட்டாள்.

மறுநாள் ஒன்றிய ஆபீஸ். அதிகாரி நல்ல மனுஷன், நாலு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "சரி, எத்தனை பேருக்குக் காய்ச்சல்?"

"சொல்ல மாட்டோம்," என்றார்கள் கோரஸாக.

"சொல்லாம எப்படிப்பா மூடி தர்றது?"

"கழுத்தை அறுத்தாலும் சொல்ல மாட்டோம் சார். மூச்சு விடக் கூடாதுன்னு நர்ஸக்கா உத்தரவு," என்றான் பிச்சையா. சொல்லிவிட்டு நிஜமாகவே மூச்சை அடக்கிக்கொண்டான். முகம் சிவந்து, கண் பிதுங்கி, அதிகாரியே எழுந்து வந்து முதுகில் தட்டவேண்டியதாகிவிட்டது.

"மூடியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், முதல்ல இவனைக் கூட்டிட்டுப் போங்க," என்றார் அதிகாரி. அப்போதுதான் தவமணிக்கு ஒரு நியாயம் பிடிபட்டது.

"சார், எங்க வீடு பதினொண்ணு. கணக்குலயே வராது. அதனால எங்கம்மா சங்கதிய நான் தாராளமாச் சொல்லலாம்." மூன்று காய்ச்சல், அறுபத்திரண்டு மாத்திரை, போக முடியாத வேலை, அம்மா ராத்திரியெல்லாம் நடுங்கினது என்று ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வாரமே பளபளவென்று ஒரு தகர மூடி வந்து இறங்கியது.

மூடியைப் போட்டுவிட்டு நர்ஸக்கா சொன்னாள். "உள்ள கொசு இருக்கான்னு தினமும் கண்காணிக்கணும், சரியா?" மறுபடியும் பஸ் ஏறிவிட்டாள்.

நாலு பேரும் மூடியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"தகரத்துக்குள்ள எப்படில கண்ணு தெரியும்?"

"ஒரு ஓட்டை போட்டாத் தெரியும்."

"ஒரு ஓட்டைன்னா ஒரு வீட்டுக்காரங்கதான் பாக்க முடியும். மத்த வீட்டுக்காரங்க என்ன பாவம் செஞ்சாங்க?" என்றாள் சங்கரவடிவு. எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது.

ஆணியும் சுத்தியலும் எடுத்து, வீட்டுக்கு ஒன்றாக நாற்பது ஓட்டை போட்டார்கள். ஓலைக் குடிசைக்கும் ஒன்று உண்டு. யாரையும் விட்டுவிடவில்லை.

சாயங்காலம் தண்ணீருக்கு வந்த முத்துப்பேச்சி பார்த்தாள். "நல்லா இருப்பீங்களா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ப் பழைய நூல்சேலை ஒன்றைக் கொண்டுவந்து, நாலாக மடித்து மூடிமேல் விரித்து, கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனாள்.

"உங்கம்மா ஏன் இங்க சேலை காயப்போடுறாங்க?" என்றான் பிச்சையா.

"தெரியல. எடுத்தா எனக்கு அடி விழும்," என்றாள் தவமணி. யாரும் எடுக்கவில்லை.

மழை வந்தது. ரெண்டு மாதம் விடாமல் பெய்தது. ஊரில் ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லை! முத்துப்பேச்சி ஒருநாள் தவறாமல் வேலைக்குப் போனாள். தவமணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாலு பேரும் சேர்ந்து தங்கள் ஆராய்ச்சி முடிவை அழகான கையெழுத்தில் எழுதி அதிகாரிக்கு அனுப்பினார்கள்.

"ஐயா, மூடியில் நாற்பது ஓட்டை போட்டதால் எங்கள் ஊரில் காய்ச்சல் அடியோடு நின்றுவிட்டது. ஆகவே ஒன்றியத்தில் உள்ள எல்லாத் தொட்டி மூடிகளிலும் உடனே ஓட்டை போட உத்தரவிட வேண்டுகிறோம். ஆணி, சுத்தியலோடு நாங்கள் தயார்.

குறிப்பு: தொட்டிமேல் போட்ட சேலை ரெண்டு மாதமாகியும் காயவில்லை. அது ஏன் என்று தனியாக ஓர் ஆராய்ச்சி தேவை."