பன்னிரண்டு நிறத்துக்கும் வெள்ளை நூல்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் அன்றைக்கு ஒரே பரபரப்பு. வெளிநாட்டுக் கடைக்காரரின் ஏஜென்ட் ரகோத்தமன் வந்திருந்தார். இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் நாற்பது பேருக்கு வேலை இல்லை.

அவர் பன்னிரண்டு நிறங்களில் பன்னிரண்டு டி-சர்ட்டுகளை மேசைமேல் வீசினார். "டாக்கா சாம்பிள், பங்களாதேஷ்ல தைச்சது. இதே நிறங்கள், நிறத்துக்கு முந்நூறு பீஸ், இருபதே நாள். விலையும் டாக்கா விலைதான். முடியாதுன்னா இன்னைக்கே அங்க கொடுத்துடறேன்."

முதலாளி சென்னியப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த விலைக்குத் துணிகூட வாங்க முடியாது.

தைத்த பீஸ்களைச் சரிபார்க்கும் துளசிமணி, டி-சர்ட்டுகளை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்க சார், கறுப்புக்கும் வெள்ளை நூல், சிவப்புக்கும் வெள்ளை நூலா?"

"அதுக்கென்ன இப்போ?"

"ஒரே நிறத்துல லட்சம் பீஸ் அடிக்கிற இடமுங்க டாக்கா. அதுல அவங்களை மிஞ்ச முடியாது. எங்களுக்கு வந்துட்டிருந்த பெரிய ஆர்டரெல்லாம் அதனாலதான் அங்க போச்சு. ஆனா முந்நூறு பீசுக்காக மெஷினை நிறுத்தி நூல் மாத்த மாட்டாங்க, சாம்பிளுக்கே மாத்தலை பாருங்க. நாங்க ஒரு நாளைக்கு நாலு தடவை மாத்துவோமுங்க."

"அதனால?"

"அவங்க விலைதான் வேணும்னா, அவங்ககிட்ட வாங்கற மாதிரியே வாங்கணுமுங்க. ஒரே நிறம், லட்சம் பீஸ். சரிங்களா?"

"லட்சத்தை வெச்சு நான் என்ன பண்றது? பன்னிரண்டு நிறமும் வேணும்மா!"

"அப்போ அங்கேயே குடுத்துடுங்க. இல்ல, அவங்க முடியாதுன்ன பிறகுதான் இங்க வந்தீங்களா?"

தையல் மெஷின்களுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வெடித்தது.

ரகோத்தமன் தொண்டையைச் செருமினார். "சரி, உங்க விலையைச் சொல்லுங்க சென்னியப்பன்" என்றார். சொல்லும்போது அவர் பார்த்தது துளசிமணியை.