பதினாறாம் தேதி நடந்த விசாரணை

சட்டக்கல்லூரியில் கடைசி வருஷம் படிப்பவர்கள் கோர்ட்டுக்குப் போய், ஒரு விசாரணையை நேரில் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நோட்டில் கையெழுத்து விழாவிட்டால் பரீட்சை எழுத முடியாது.

கையெழுத்துப் போடுகிறவர் வக்கீல் சங்கத் தலைவர் தாண்டவமூர்த்தி. வாரம் இரண்டு நாள் பாடம் எடுக்க வருவார். வந்தால் பாதி நேரம் அவர் பெருமைதான்.

அன்று முப்பத்தொன்பது நோட்டுகளில் மளமளவென்று கையெழுத்துப் போட்டவர், நாற்பதாவதைத் தூக்கிக் காட்டினார். அது பஸ் கண்டக்டர் மகள் இசக்கியம்மாளுடையது.

"எல்லாரும் பதினாறாம் தேதி குறுக்கு விசாரணையைப் பத்துப் பக்கம் எழுதியிருக்காங்க. சாட்சி தண்ணி கேட்டதைக்கூட விடலை. நீ மட்டும் 'இன்று விசாரணை நடக்கவில்லை'ன்னு ஒரே வரி! கோர்ட் பக்கம் போனியா?"

"போனேன் சார்."

"அதுக்குச் சாட்சி இருக்கா?"

"ஒருத்தர் இருக்கார் சார். விசாரிக்கலாமா?"

"தாராளமா!"

"பதினாறாம் தேதி காலையில நீங்க எங்கே இருந்தீங்க சார்?"

"நானா? கோர்ட் வாசல்ல. அன்னைக்குப் புறக்கணிப்புப் போராட்டமாச்சே! ஒரு வக்கீலும் உள்ளே போகக் கூடாதுன்னு நான்தான் மைக்கைப் பிடிச்சு..."

தாண்டவமூர்த்தி கையிலிருந்த நோட்டை மறுபடி பார்த்தார். முப்பத்தொன்பது தலைகள் குனிந்தன.

அந்த ஒரு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். மற்ற முப்பத்தொன்பதிலும் போட்ட கையெழுத்தை அடித்தார்.

"திங்கட்கிழமை எல்லாரும் கோர்ட்டுக்குப் போங்க. இசக்கியம்மா, உனக்கு வேண்டாம். நீதான் இங்கேயே நடத்திக் காட்டிட்டியே!"

"நானும் போறேன் சார். இன்னும் ஒரு விசாரணைகூடப் பார்க்கலையே," என்றாள் இசக்கியம்மாள். "அன்னைக்காவது வாசலை விடுவீங்கல்ல?"