சிகாமணி கேட்ட ‘எந்த மனிதன்?’

சிகாமணியை எபனேசர் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மதுரையில் அவர்கள் வேலை பார்த்த ஆய்வகத்தில். அட்டெண்டர் சிகாமணி அப்போது மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரின் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, கூசாமல் புளுகிக்கொண்டிருந்தார்.

ஃப்ரீசர் இரண்டு மணிக்கே படுத்துவிட்டது. டிகிரி காட்டும் திரையும் இருண்டுபோனது. மெக்கானிக் எபனேசர் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். உள்ளே ஆராய்ச்சி மாணவி நிலோஃபரின் புரதம் இருந்தது. மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் புகுத்திச் செய்தது. டிஎன்ஏ இழையைக் கண்டால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். உருகினால் அவளுடைய இரண்டு வருஷ உழைப்பு வீண். டிரை ஐஸ் வண்டி வரும்வரை கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர் தாங்கும். அவளுக்கோ பார்க்காமல் இருப்புக்கொள்ளவில்லை.

“ஒரே ஒரு தடவை திறந்து பாத்துக்கறேண்ணே.”

“உள்ள இருக்கறது எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாதாம்மா? லேபிள்ல ‘மனிதப் புரதம்’னு போட்டிருக்குல்ல, எந்த மனிதன்? நாந்தான்.”

எபனேசர் சிரிப்பை அடக்க ஸ்பேனரைத் துடைத்தான்.

“பெரியார் பஸ்டாண்டுல ஓடிப்போய்க் கம்பியப் பிடிச்சேன். எறங்குறப்ப கை விடல. கம்பியோட எறங்கிட்டேன். கம்பிக்குப் பின்னாடியே பஸ்ஸும் எங்க வீட்டுக்கு வந்துருச்சு. கண்டக்டருக்குச் சோறு போட்டு அனுப்புனேன். இந்தப் பிடியக் கேள்விப்பட்டுத்தான் வெளிநாட்டுக்காரன் வந்து என் எச்சில்ல ஒரு சொட்டு வாங்கிட்டுப் போனான்.”

“மனிதருக்குச் செலுத்தக் கூடாதுன்னும் லேபிள்ல போட்டிருக்குண்ணே” என்றாள் நிலோஃபர்.

“பின்ன? எங்க வீட்டுக்காரியே என்னைய வெளிய வச்சுத்தான் தாங்குறா. உள்ள எறக்குனா யாரு தாங்குவா? என் ஜீனப் போட்டதும் பாக்டீரியா அம்புட்டும் நாலு மணிக்கு டீ கேட்டுச்சு. சீனி கம்மியா.”

நிலோஃபர் எழுந்து கைப்பிடியைத் தொட்டாள். சிகாமணி நகரவில்லை. குரலை மட்டும் உயர்த்தினார்.

“போன மாசம் இந்தப் புரதம் ஒரு சொட்டு கேண்டீன் கோழிக்கொழம்புல விழுந்துருச்சு. தொடையும் நெஞ்சும் ஒண்ணையொண்ணு தேடிப் பிடிச்சுக்கிருச்சு. கோழி முழுசா எந்திரிச்சு, மசாலாவ ஒதறிட்டு, முட்டை போட்டுச்சு. அவிச்ச முட்டை.”

அவள் கை இறங்கியது. “உப்பு?”

“அத நீதாம்மா போட்டுக்கணும். எல்லாத்தையும் கோழியே செய்யுமா?”

அவள் உட்கார்ந்துவிட்டாள். அவர் விடவில்லை.

“மிச்சம் அரைச்சொட்டு. அத டிஎன்ஏ நூல்ல தடவி வைகைக்குக் குறுக்க கட்டுனேன். வெள்ளம் அப்படியே சுவராட்டம் நின்னுபோச்சு. மீனெல்லாம் அந்தத் தண்ணிச் சுவத்துலருந்து தலைய நீட்டி, எந்தப் பக்கம் போகணும்னு வழி கேட்டுச்சு.”

“வைகையில வெள்ளமா?” என்றான் எபனேசர். “இதுவரைக்கும் நம்பிக்கிட்டுத்தாண்ணே வந்தேன்.”

ஐந்து மணிக்கு வண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் சிகாமணி கதவை விட்டு எழுந்தார். எபனேசர் உள்ளே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தான்: மைனஸ் ஐம்பத்திரண்டு. குழாய்கள் கல்லாக இருந்தன. நிலோஃபர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, டிரை ஐஸில் புதைத்தாள்.

“அண்ணே, இது எந்த மனுஷனோட ஜீன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒங்களோடது இல்ல.”

“எப்படிம்மா சொல்ற?”

“ஒங்களோடதா இருந்தா, மூணு மணி நேரம் பேசாம இருந்திருக்காது.”

ஞாயிற்றுக்கிழமை காலை சிகாமணி மாரடைப்பில் போய்விட்டார்.

அன்று அவர் காத்தது மொத்தம் பதினோரு குழாய். நிலோஃபரின் ஆராய்ச்சிக்கு நாலு செலவானது. ஏழு இருக்கிறது.