கஜவரதன் ஆலைக்குக் கிடைத்த ஆள்

முதலில் நூலகத்தைக் காலி செய்து, அதற்குத் திறன் மையம் என்று பெயர் வைத்தார்கள். அடுத்து, தத்துவப் பேராசிரியரைத் தட்டச்சு சொல்லித்தரச் சொன்னார்கள். மூன்றாவதாக, வேலைக்கு உதவாத படிப்பென்று வரலாற்றுத் துறையையே மூட வந்தார், ஆலை முதலாளியும் பல்கலைக்கழக வேந்தருமான கஜவரதன். மூன்றுக்கும் கைதட்டிய பேராசிரியர்கள் உண்டு. அவர்கள் பெயரை எழுதி மையை வீணாக்க மாட்டேன்.

மாணவர்களைத் திடலில் கூட்டி வேந்தர் முழங்கினார்: "என் ஆலைக்கு வேண்டியவன் நாள் முழுக்க நிற்க வேண்டும். விடுப்பு கேட்கக்கூடாது. எதிர்த்துப் பேசக்கூடாது. சங்கத்தில் சேரக்கூடாது. இந்த வளாகத்தில் அப்படி ஒருவனைக் காட்டுங்கள், துறையை மூடவில்லை!"

வரலாறு படிக்கும் பேச்சியம்மாள் எழுந்தாள். "ஒருத்தர் இருக்கார் ஐயா."

"சம்பளம் நிறையக் கேட்பானே?"

"காலணா கேட்க மாட்டார்."

"வெயில் தாங்குவானா?"

"பல வருஷமா வெயில்லதான் நிக்கிறார். தலையில காக்கா உக்காந்தாலும் அசைய மாட்டார்."

வேந்தர் பூரித்துப்போனார். "அவனல்லவா ஆள்! இப்போதே வேலை கொடுத்தேன். துறையும் இருக்கட்டும். இத்தனை பேரும் சாட்சி. அவன் பெயரைச் சொல்லு!"

"வாசிச்சே காட்டுறேன் ஐயா. கல்வெட்டு வாசிக்கத்தான் எங்க துறையில சொல்லிக்கொடுத்தாங்க."

ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, திடலின் நடுவில் நின்ற வெண்கலச் சிலையிடம் போனாள். பீடத்தில் பொறித்திருந்ததைத் திடல் முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்:

"கல்வி வள்ளல், அமரர் வேங்கடவரதன். உபயம்: அருமை மகன் கஜவரதன்."