இன்றும் வரக் காணேன்

கூத்தப்பிரான் சாமியின் மடத்தில் பதினெட்டு வருஷம் அடுப்புப் பார்த்தவன் நான். இலக்கியம் எனக்குத் தெரியாது, ரசம் தெரியும். ஆனாலும் ஓலைச்சுவடிகள் இருந்த ஏட்டறைக் கதவோரம் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே கேட்ட பேச்சுகள் இன்னும் காதில் கிடக்கின்றன. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எல்லாரும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்த காலம் அது. அதில் ஒரு நாளை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சாமிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அவருடைய சீடர் வைரவனுக்கு அறுபத்தொன்று. அதில் இரண்டு பேருக்குமே கூச்சம் இருந்ததில்லை.

வைரவன் ஒரு அச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் பிழை திருத்தியவர். சிவப்புப் பென்சில் இல்லாமல் அவர் காதை நான் பார்த்ததில்லை. நான் எழுதி வைத்த மளிகைச் சீட்டில்கூடப் புளிக்கு ஒரு கோடு, பருப்புக்கு ஒரு சுழி. பாவி மனுஷன்!

அவரை மடத்துக்குக் கொண்டுவந்தது பக்தி இல்லை, கோபம். ஒரே மகள் உண்ணாமலை தானாக ஒருவரைத் தேர்ந்து கல்யாணம் செய்துகொண்டாள். இவர் தாலி கட்டுகிற நேரத்தில் பந்தலை விட்டு எழுந்து வந்துவிட்டார். அது ஆகி மூன்று வருஷம். தாயும் இல்லாத பெண். மாதம் தவறாமல் கடிதம் போட்டாள். இவர் வாசிப்பார், நூல் சுற்றிக் கட்டி வைப்பார். பதில் மட்டும் போடமாட்டார்.

அன்று காலையில் வந்த கடிதத்தை வாங்கியவன் நான்தான். உண்ணாமலைக்கு ஏழாம் மாதம், அடுத்த வெள்ளிக்கிழமை வளைகாப்பு என்று வைரவனே என்னிடம் சொன்னார். "போறீங்களா?" என்று கேட்டேன். "குழம்பைக் கிளறு, கருகுது" என்றார். குழம்பு ஒன்றும் கருகவில்லை.

மடத்தில் இருந்த ஒன்பது பழைய ஏட்டு நூல்களை அச்சுப் போடுகிற வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. அச்சுக்குப் போகுமுன் வாசித்துத் திருத்துவது வைரவன் பொறுப்பு. அன்று சாமி ஏட்டறையில் ஏடுகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். வைரவன் ஒரு தாளை வீசிக்கொண்டு உள்ளே வந்தார்.

"சாமி, திருட்டு."

"எங்கே? மாட்டுக் கொட்டகையிலயா?"

"நூல்ல சாமி. 'இன்றும் வரக் காணேன்.' ஒன்பது நூல்ல ஏழுல இது இருக்கு. ஒண்ணுல போருக்குப் போனவன் பெண்டாட்டி சொல்றா. இன்னொண்ணுல உப்பு விக்கிறவ. அடுத்ததுல பிள்ளையைத் தொலைச்ச தாய். ஒருத்தி கடவுளைப் பார்த்தே சொல்றா. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் இருநூறு வருஷம், முந்நூறு வருஷம். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதியிருக்காங்க. சந்தேகமே இல்லை."

"இருக்கலாம். என்ன செய்யணும்?"

"ஒரு தடவை வந்த சொல் மறுபடி வந்தா, ரெண்டாவது பிழை. அச்சகத்துல அதுதான் சட்டம். முதல் நூல்ல விட்டுடுவோம். மத்த ஆறுலயும் கோடு போட்டுட்டு 'மேற்படி'ன்னு போட்டுடலாம்."

என் வாய் சும்மா இருக்குமா? "அப்போ என் ரசத்துக்கும் மேற்படி போடுங்க. தினம் அதே ரசம்தானே" என்றேன். வைரவன் என்னை முறைத்தார். சாமி சிரிக்கவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டு எண்ணெய்க் கையைத் துடைத்தார்.

"நல்ல சட்டம்தான்" என்றார். "சட்டைப் பையில என்ன?"

வைரவன் பையைக் கையால் மூடினார். "பொண்ணு கடுதாசி."

"பதில் போட்டாச்சா?"

அவர் தரையைப் பார்த்தார். பிறகு, யாரிடமோ கோபித்துக்கொள்வதுபோல, "கோபமெல்லாம் போய் ஒரு வருஷம் ஆச்சு சாமி. எழுதத்தான் உக்கார்றேன். எது எழுதினாலும் எவனோ எழுதின வார்த்தையாவே வருது. கோடு போட்டுக் கோடு போட்டுக் கடைசியில தாள் பூரா சிவப்பா இருக்கு. கிழிச்சுப் போட்டுடறேன்" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அடுப்புப் பற்றவைக்க எனக்குக் கிடைத்த சிவப்புக் கோட்டுக் காகிதமெல்லாம் அதுதானா! அட ஆண்டவனே, ஒரு வருஷமாக அவர் எழுதிய பதிலையெல்லாம் நானல்லவா எரித்திருக்கிறேன்.

சாமி கையை நீட்டினார். "அந்தப் பென்சிலைக் குடுங்க. கடுதாசியை வாசிங்க. யாராவது முன்னாடியே எழுதினதா இருந்தா சொல்லுங்க. உங்க சட்டப்படி நான் கோடு போடறேன்."

வைரவன் தயங்கினார். குரு சொல்லைத் தட்ட முடியவில்லை. நீலக் கடிதத்தைப் பிரித்துச் சாமியின் மேசையில் விரித்து வைத்து வாசித்தார்.

"'அன்புள்ள அப்பாவுக்கு, உண்ணாமலை எழுதிக்கொண்டது. நலம். நலமறிய ஆவல்.'"

"இது?"

"ஊர் உலகமே எழுதறது."

சாமி கோடு போட்டார்.

"'குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வருகிறது.' இது புதுசு."

"இருக்கட்டும்."

"'மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அம்மா இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்கிறேன்.'" கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "தாயில்லாத பொண்ணுங்க எல்லாரும் சொல்றதுதான்."

கோடு.

"'மின்சார மீட்டரை மாற்றிவிட்டார்கள்.' புதுசு. 'அடுத்த வெள்ளி வளைகாப்பு. நீங்கள் வந்து முதல் வளையலைத் தொட்டுக் கொடுத்தால்தான் நான் போட்டுக்கொள்வேன்.'"

"இது?"

"அப்பனைக் கூப்பிடாத பொண்ணு உண்டா? பழசுதான்."

கோடு. நான் கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டேன். எழுந்து போய் அந்தப் பென்சிலைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிடலாமா என்று இருந்தது. குருவாவது, சீடராவது!

"'வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்க்கிறேன். இன்றும்...'"

வைரவன் வாசிப்பதை நிறுத்தினார்.

"வாசிங்க."

"'இன்றும் உங்களைக் காணோம்.'"

சாமி பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்.

"இது எத்தனை நூல்ல இருக்கு?"

"ஏழு."

"இதோட எட்டு. கோடு போட்டுடட்டுமா?"

வைரவன் சட்டென்று குனிந்து அந்த வரியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். பென்சில் முனை அவர் விரலில் பட்டுச் சிவப்பாக ஒரு கீறல் விழுந்தது.

"வேணாம் சாமி."

"ஏன்?"

"இது என் பொண்ணு சொன்னது."

"அந்த ஏழு பேரும் யாரோ பெத்த பொண்ணுங்கதானே" என்றார் சாமி.

வைரவன் கையை எடுக்கவில்லை. சாமி மற்ற வரிகளின்மேல் குனிந்து, கோடு விழாததை மட்டும் வாசித்தார்.

"'குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வருகிறது. மின்சார மீட்டரை மாற்றிவிட்டார்கள்.' இது நகராட்சிக்குப் போகவேண்டிய கடுதாசி. உங்களுக்கு வந்தது எங்கே?"

அறுபத்தொரு வயது மனுஷன் அழுதார். ரொம்ப நேரம் அழுதார். நான் முந்திக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்தேன். சாமி பெட்டியிலிருந்து எழுதாத நீலக் கடிதம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பென்சிலைத் திருப்பித் தரவில்லை.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. எட்டிப் பார்த்தேன். நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். காகிதம் கிழிகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. இலையை மூடி வைத்தேன்.

நாலு மணித் தபாலுக்கு முன்னால் கடிதத்தைச் சாமியிடம் கொண்டுவந்து நீட்டினார். அச்சகத்தில் முதலாளி முன்னால் நிற்பதுபோல நின்றார்.

"பார்த்துக் குடுங்க சாமி. எல்லாம் பழைய வார்த்தைதான்."

சாமி வாய்விட்டே வாசித்தார்.

"'அன்புள்ள உண்ணாமலைக்கு, அப்பா எழுதிக்கொண்டது. நலம். நலமறிய ஆவல். உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. பத்திரமாக வைத்திருக்கிறேன். படி ஏறும்போது பார்த்து ஏறு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அம்மா இருந்திருந்தால் என்று நானும் நினைத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை வருகிறேன்.'"

வாசித்து முடித்துவிட்டு இன்னொரு தடவை மனசுக்குள் வாசித்தார். பிறகு மடியிலிருந்து அந்தச் சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

"ஒரு பிழை இருக்கு."

வைரவன் முகம் செத்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் பிறர் பிழையைப் பிடித்தவர். "எங்கே சாமி?" என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

சாமி கடைசி வரியைத் தொட்டுக் காட்டி, பென்சிலை அவர் கையில் கொடுத்தார்.

"'வருகிறேன்'னு ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கீங்க."